பாடலின் நீளத்தை எக்செல்லில் எழுதும்போது

குறுந்தகட்டின் ஒலி, நொடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலி அலையை அளந்த மதிப்புகள்), மாதிரிக்கு 16 பிட், இரண்டு தடங்கள் (இடம், வலம்) என்ற கணக்கில் நொடிக்கு 14,11,200 பிட்டுகளை எடுத்துக்கொள்வதால், நான்கு நிமிடப் பாடல் ஒன்று ஏறத்தாழ 42 மெகாபைட் ஆகிறது. அதையே நொடிக்கு 128 கிலோபிட் வீதத்தில் எம்பி3 ஆகச் சுருக்கினால் 3.84 மெகாபைட் போதும். இந்த ஒப்பீட்டை எக்செல்லில் செய்து பார்க்கும் மாணவர்கள் பெரும்பாலும் சறுக்குவது கால அளவில்தான். 4:00 என்று தட்டினால் எக்செல் அதை நான்கு மணி நேரமாகக் கொள்ளும், 0:04:00 என்று முழுமையாக எழுதினாலும், உள்ளே அது ஒரு நாளின் பின்னமாகவே சேமிக்கப்படுவதால், 86,400 ஆல் பெருக்கி நொடியாக்கிய பிறகே, கிலோபிட் வீதத்தால் பெருக்கி எட்டால் (எட்டு பிட் ஒரு பைட்) வகுக்க வேண்டும், கிடைப்பது கிலோபைட். விடைக் கட்டம் நேர வடிவத்திலேயே நின்றுவிட்டால் (அடிக்கடி நிற்கும்) அதை எண் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளவும். மாறும் பிட் வீதத்தில் சுருக்கிய கோப்புகளுக்குச் சராசரி வீதத்தை இடவும்.