இலைப்புள்ளிக்குப் பெயர் வைக்கும் முன்

குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் 'ரெட் ரஸ்ட்' என்றால் எல்லோருக்கும் தெரியும். வெல்வெட் துணியை வட்டமாக வெட்டி ஒட்டினாற்போல இலையில் செம்மஞ்சள் திட்டுகள். பெயரிலேயே துரு இருக்கிறதா, தோட்டத்து வேலியோரக் காட்டுச் செடியில் அதே மாதிரி திட்டைப் பார்த்ததும் 'துருப் பூஞ்சை' என்று குறிப்பேட்டில் எழுதிவிடுவோம். நானும் எழுதியிருக்கிறேன். அது பூஞ்சையே அல்ல. செஃபாலியூரஸ் என்னும் பாசி. பச்சைப்பாசி வகைதான், ஆனால் கரோட்டின் நிறமி பச்சையை மறைத்துவிடுகிறது. பத்து மடங்கு காட்டும் கைலென்ஸ் இருந்தால் போதும். பாசி என்றால் நுனியில் குட்டிக் குட்டி உருண்டைகளோடு இழைகள் புல்போல நிமிர்ந்து நிற்கும். துரு என்றால் இலைத்தோலைக் கிழித்துக்கொண்டு பொடி பிதுங்கியிருக்கும், பெரும்பாலும் இலையின் அடிப்பக்கத்தில். தடவினால் விரலில் மஞ்சள்தூள்போல ஒட்டும்.

நீலகிரியிலோ பழனி மலையிலோ காட்டுப் புதர்களின் இலைநோய்களைப் பார்க்கத் தொடங்குகிறவர்கள், 'எந்தப் பூஞ்சை?' என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளிவைக்க வேண்டும். அதற்கு முன்னால் இரண்டு கேள்விகள் உண்டு: இது பூஞ்சையால் வந்ததுதானா? இந்தச் செடி எது?

முதல் கேள்வியில் தடுமாறுவது புதியவர்கள் மட்டுமல்ல. இலையின் அடியில் வெள்ளையாகவோ பழுப்பாகவோ கம்பளித் திட்டுபோல ஒன்று வரும். கண்ணுக்கே தெரியாத சிலந்திப்பேன்கள் உறிஞ்சுவதால் இலையே அளவுக்கு மீறி வளர்த்த ரோமம் அது. பூஞ்சையியலின் முன்னோடிகளில் ஒருவரான பெர்சூனே இதைப் பூஞ்சை என்று நினைத்து 'எரினியம்' என்று பேரினப் பெயர் வைத்துவிட்டார். அதனால் நாம் ஏமாந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. உண்ணிச்செடி இலை வெளிறிப் புள்ளி புள்ளியாக இருந்தால், இலையைத் திருப்பிப் பாருங்கள். சாறு உறிஞ்சும் பூச்சி அங்கேயே உட்கார்ந்திருக்கலாம்.

அப்புறம் உறைபனி. டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பள்ளங்களில் விடியற்காலை வெள்ளையாக உறைந்து கிடக்கும். வெயில் ஏறியதும் இலைகள் கருகத் தொடங்கும். ஒரு வாரம் கழித்து அங்கே போகிறவர் அந்தக் கருகலைச் சுரண்டி நுண்ணோக்கியில் வைத்தால் பூஞ்சை வித்துகள் (ஸ்போர்கள்) நிறையவே தெரியும். கிளாடோஸ்போரியம், ஆல்டர்னேரியா போன்ற பூஞ்சைகள் செத்த திசுவில் வந்து குடியேறியிருக்கும். பிணத்தைத் தின்ன வந்த காக்கையைக் கொலைகாரன் என்று எழுதுவதுபோலத்தான் இது. அக்கம்பக்கத்தைப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். ஒரே பள்ளத்தில் ஐந்தாறு வகைச் செடிகள் ஒரே இரவில் கருகியிருந்தால் அது பூஞ்சையின் வேலையாக இருக்காது.

கறுப்பாக இருப்பதையெல்லாம் 'கரும்பூசணம்' என்று ஒரே கூடையில் போடுவது அடுத்த தவறு. அசுவினியோ செதில்பூச்சியோ சிந்தும் தேன்போன்ற கழிவில் படர்வது ஒரு வகை. அது இலையைத் தின்பதில்லை. ஈரப் பஞ்சால் துடைத்தால் காகிதம்போல உரிந்து வந்துவிடும். மேலே இருக்கும் கிளையை அண்ணாந்து பார்த்தால் பூச்சிகள் தென்படும். மெலியோலா, ஆஸ்டெரினா போன்றவை வேறு வகை. உயிருள்ள இலையில் மட்டுமே வாழும் உண்மையான ஒட்டுண்ணிகள் இவை. துடைத்தாலும் கறுப்புப் போகாது. மேற்குத் தொடர்ச்சி மலைச் சோலைகளில் இவற்றுக்குக் குறைவே இல்லை. இவற்றை ஊசியால் சுரண்டி எடுப்பது வீண்வேலை. சிறு முடிச்சுகள்போல இழையின் பக்கங்களில் இருக்கும் செல்களும், அவை அமைந்திருக்கும் வரிசையும்தான் இனத்தைக் காட்டிக்கொடுக்கும். சுரண்டினால் அந்த அமைப்பு சிதைந்துவிடும். இந்தக் குழுவை நெடுங்காலம் ஆராய்ந்த வி.பி. ஹொசகௌடர் பயன்படுத்திய வழி எனக்கு மிகவும் பிடித்தது. நிறமில்லாத நகப்பாலிஷைத் திட்டின் மேல் பூசி, காய்ந்ததும் மெல்லிய படலமாக உரித்தெடுத்தால் பூஞ்சை இருந்தபடியே கண்ணாடிச் சில்லுக்கு வந்துவிடும். செலவும் ஒரு நகப்பாலிஷ் பாட்டில்தான்.

சரி, செடி எது? இதில்தான் நான் அதிகம் அடிபட்டிருக்கிறேன். துரு, மெலியோலா, இலைப்புள்ளி உண்டாக்கும் செர்கோஸ்போரா எதுவானாலும், இனத்தைப் படிப்படியாகக் கண்டறிய உதவும் அடையாளத் திறவுகோல்கள் செடியின் பேரினத்திலிருந்தோ குடும்பத்திலிருந்தோதான் தொடங்கும். செடியைத் தப்பாக எழுதினால் அதற்குப் பிறகு எல்லாமே தப்பு. குறிஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நீலக்குறிஞ்சி 2018-ல் பூத்தது, அடுத்து 2030. அதே மலைகளில் அதன் பேரினத்தைச் சேர்ந்த வேறு இனங்களும் உண்டு. பூவில்லாத ஆண்டுகளில் இலையை மட்டும் பார்த்து இனத்தைச் சொல்வது சிரமம். நோயுள்ள இலையை மட்டும் கிள்ளி வராமல், காய்ந்த பூங்கொத்தோ காயோ இருந்தால் அதையும் சேர்த்து ஒரு கிளையாக எடுக்க வேண்டும். காப்புக்காடாக இருந்தால் வனத்துறை அனுமதி வேண்டும். அதில் குறுக்குவழி கிடையாது. சந்தேகம் இருந்தால் திருச்சி ராபினாட் உலர்தாவரக் காப்பகத்திலோ, கோவையில் உள்ள இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் காப்பகத்திலோ ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

செடி தெரிந்துவிட்டால் அளவுக்கு மீறித் தைரியம் வந்துவிடுவதும் உண்டு. ஊசிக்கலா (பெர்பெரிஸ்) இலையின் அடியில் கிண்ணம் கிண்ணமாகத் துருவைப் பார்த்ததும், 'இது கோதுமைத் தண்டுத்துரு தன் வாழ்க்கையின் ஒரு பகுதியைக் கழிக்கும் மாற்றுச் செடியாயிற்றே' என்று ஐரோப்பியப் பாடம் ஞாபகத்துக்கு வரும். ஆக்ராவில் இருந்த தாவர நோயியலாளர் கே.சி. மேத்தா இந்தியாவில் கதை வேறு என்று காட்டினார். சமவெளியின் கோடையில் அந்தத் துரு பிழைக்காது. நீலகிரி, பழனி போன்ற மலைகளில் கோதுமைப் பயிரிலேயே தங்கியிருந்து, வித்துகள் காற்றில் இறங்குகின்றன. ஊசிக்கலா குடும்பத்துக்கு அதில் பங்கில்லை. கிண்ணத்தைப் பார்த்ததும் அந்தத் தண்டுத்துருவின் பெயரான பக்சீனியா கிராமினிஸ் என்று எழுதிவிடாதீர்கள்.

பிளாஸ்டிக் பையில் போட்டுவருவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கொடைக்கானலிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்த பை, வத்தலக்குண்டு வருவதற்குள் உள்ளே வியர்த்திருந்தது. அதை மறந்து இரண்டு நாள் அப்படியே போட்டுவிட்டேன். திறந்தபோது எல்லா இலையிலும் ஒரே சாம்பல் நிறப் பூசணம். செய்தித்தாளில் வைத்து அழுத்தி, தினமும் தாளை மாற்றுங்கள். ஊர், உயரம், தேதி, செடி ஆகியவற்றைப் பறித்த இடத்திலேயே எழுதுங்கள்.

ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. துருவும் சாம்பல்நோயும் மெலியோலாவும் பூஞ்சை வளர்க்கப் பயன்படும் உருளைக்கிழங்கு அகார் கூழில் வளராது. தட்டில் வளர்ந்ததுதான் நோய்க்காரணி என்று நம்பினால், நல்ல இலைக்குள்ளும் சத்தமில்லாமல் வாழும் கொலெட்டோட்ரைக்கம், பெஸ்டலோஷியாப்சிஸ் போன்ற ஒரு பூஞ்சை எல்லாப் பழியையும் ஏற்றுக்கொள்ளும். வளர்ந்ததை அதே இனச் செடியின் நல்ல இலையில் திரும்ப ஏற்றி, அதே புள்ளி வருகிறதா, அதிலிருந்து அதே பூஞ்சை மறுபடி கிடைக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். டிஎன்ஏவும் முழுப் பதில் தராது. கொலெட்டோட்ரைக்கம் கிளியோஸ்போரியாய்டிஸ் என்று ஒரே பெயரில் சொல்லிவந்த கூட்டத்தில் 22 இனங்கள் இருப்பதாக 2012-ல் பிரித்துக் காட்டினார்கள். பலரும் பார்க்கும் ஐடிஎஸ் என்னும் டிஎன்ஏ பகுதி மட்டும் அவற்றில் பலவற்றைப் பிரித்துச் சொல்லாது.

துருவுக்கு ஒரே பயணம் போதாது. மஞ்சள்தூளாக இருக்கும் வித்துகளை வைத்துப் பேரினத்தைக்கூட உறுதி செய்ய முடியாமல் போகலாம். பிறகு வரும் கரும்பழுப்பு வித்துகள்தான் தெளிவாகச் சொல்லும். அதனால் கிளையில் ஒரு துணிநாடாவைக் கட்டிவிட்டு, ஒன்றிரண்டு மாதம் கழித்துத் திரும்பிப் போவேன். ஒருமுறை போனபோது நாடா மண்ணில் கிடந்தது. காட்டுமாடு கிளையோடு மேய்ந்துவிட்டுப் போயிருந்தது. இப்போதெல்லாம் மூன்று செடிகளில் கட்டுகிறேன்.