கடற்பாசியைச் செடியாகப் பார்த்தால் வரும் தவறுகள்

கடற்பாசியைக் கடலுக்குள் முளைத்த செடி என்று நினைத்துக்கொண்டு ஆய்வைத் தொடங்குவதுதான் முதல் தவறு. பச்சைப் பாசிகள் தரைத் தாவரங்களுக்கு நெருங்கிய உறவு. சிவப்புப் பாசிகள் தூரத்து உறவு. பழுப்புப் பாசிகளோ டயாட்டம்கள் என்ற ஒருசெல் பாசிகள் இருக்கும் வேறொரு வம்சத்தைச் சேர்ந்தவை.

அடியில் வேர் போலத் தெரிவது வேர் அல்ல, பாறையைப் பற்றிக்கொள்ளும் உறுப்பு. பாசி தன் உடல் முழுவதாலும் நீரிலிருந்தே சத்தை உறிஞ்சுகிறது. அதனால் நீரில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் எவ்வளவு என்று அளந்தால் மட்டும் போதாது, நீரோட்டத்தையும் அளக்க வேண்டும். ஓட்டம் இல்லாத இடத்தில் உடலை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலத்தில் சத்து தீர்ந்துவிடும்; ஒரு சாண் தள்ளி ஏராளமாக இருந்தும் பயனில்லை.

உருவத்தை நம்பி இனத்தைச் சொல்லிவிடுவது அடுத்த தவறு. சிப்பி ஓட்டைத் துளைத்து வளரும் கான்கோசெலிஸ் என்ற இளஞ்சிவப்புப் பாசியைத் தனி இனம் என்றே வெகுகாலம் எழுதி வந்தார்கள். அது போர்ஃபைரா என்ற சிவப்புப் பாசியின் வாழ்க்கைச் சுழற்சியில் ஒரு கட்டம் என்று 1949-ல் காட்டியவர் பாசி ஆய்வாளர் கேத்லீன் ட்ரூ-பேக்கர். ஜப்பானில் நோரி என்ற உணவுப் பாசியாக இந்த வகையை வளர்ப்பவர்கள் வித்துக்குக் கடலையே நம்பியிருந்த நிலை அதன் பிறகுதான் மாறியது. அதேபோல் குழாய் வடிவில் இருந்தால் என்டரோமார்ஃபா, தாள் வடிவில் இருந்தால் உல்வா என்று பிரித்து வைத்திருந்தோம். மரபணு ஆய்வு 2003-ல் இரண்டையும் ஒன்றாக்கியது. ஆகவே ஆய்வு செய்யும் ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு துண்டை, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லில் உலர்த்தி, மரபணு ஆய்வுக்காக வையுங்கள். பெயரில் சந்தேகம் எழும் நாளில் அந்தத் துண்டுதான் உங்கள் உழைப்பைக் காப்பாற்றும்.

வளர்ப்பில் கப்பாஃபைகஸ் என்ற சிவப்புப் பாசியின் கிளைகள் வெளுத்து ஒடிந்தால் உடனே கிருமியைத் தேடுகிறார்கள். இந்த ஐஸ்-ஐஸ் நோயில் பெரும்பாலும் நீரின் சூடு, உப்புக் குறைவு போன்ற நெருக்கடிதான் முதலில் வருகிறது, பாக்டீரியா பின்னால் நுழைகிறது. நல்ல இளங்கிளைகளை விற்றுவிட்டு மிச்சத்தை அடுத்த வளர்ப்புக்கு விதையாகக் கயிற்றில் கட்டுவதும் கூடாது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது புரதக் கணக்கு. நைட்ரஜன் அளவை 6.25-ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதிவிடுகிறார்கள். கடற்பாசியில் இருக்கும் நைட்ரஜன் எல்லாம் புரதம் அல்ல. நைட்ரேட்டாகவும் நிறமிகளிலும் ஒரு பங்கு இருக்கிறது. 2016-ல் வெளிவந்த விரிவான ஆய்வு 5-ஐப் பரிந்துரைத்தது. நைட்ரஜன் 2 சதவீதம் என்றால் புரதம் 10 சதவீதம். பழைய கணக்கில் அது 12.5 ஆகிவிடும். உணவுக்கோ தீவனத்துக்கோ அந்த எண்ணை நம்பி ஒருவர் பணம் போடுகிறார் என்பதை மறக்கக் கூடாது.

தீவனத்தில் சேர்த்தால் மாடுகள் வெளிவிடும் மீத்தேனைக் குறைக்கும் ஆஸ்பராகாப்சிஸ் என்ற சிவப்புப் பாசியிலும் தரைப் பழக்கம் கெடுதல் செய்கிறது. அந்த வேலையைச் செய்யும் புரோமோஃபார்ம் என்ற வேதிப்பொருள் எளிதில் ஆவியாகும். வைக்கோல் போல வெயிலில் காயவைத்தால் அது காற்றோடு போய்விடும். சரி, உறையவைத்து உலர்த்தினாலும், அறுவடையன்று எடுத்த அளவோடு நிறுத்தாமல், மாட்டுக்குப் போடும் தீவனத்திலேயே புரோமோஃபார்மை அளந்து பாருங்கள்.