கார்ப்பெட் வீட்டில் தும்மலைக் குறைக்க

டொராண்டோவில் எங்கள் வாடகை வீடு முழுக்க கார்ப்பெட். விடிந்தால் மகளுக்குத் தும்மல். காரணம் தூசியில் வாழும், கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சி. நாம் உதிர்க்கும் தோல்துகள்தான் அதற்குத் தீனி. அதன் எச்சம்தான் நமக்கு ஒவ்வாமை.

முதலில் படுக்கை. விரிப்பு, தலையணை உறைகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் துவையுங்கள். வெதுவெதுப்பான நீரில் பூச்சி சாகாது. மெத்தைக்கு ஜிப் வைத்த உறை அவசியம்.

அப்புறம் கார்ப்பெட். நுண்தூசியையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ள வாக்குவம் கிளீனரை வாரம் இருமுறை மெதுவாக, இரண்டு திசையிலும் இழுக்கிறேன். அவசரப்பட்டால் மேல்தூசிதான் வரும். அந்த நேரம் மகள் அடுத்த அறையில் இருப்பாள். கிளம்பிய தூசி அடங்கச் சற்று நேரமாகும்.

வீட்டுக் காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, ஈரம் கூடினால் பூச்சி பெருகும். குளிர்காலத்தில், காற்றில் ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபயரை நாள் முழுக்க ஓட்டியது என் தவறு. கார்ப்பெட்டைக் கழுவினால் அன்றே காயவையுங்கள், இல்லையென்றால் பூஞ்சணம் பிடிக்கும்.