ஆப்பிரிக்க அருங்காட்சியக ஃபெல்லோஷிப்புகள்: விண்ணப்பிக்கிறவரும் அழைக்கிறவரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2021 நவம்பரில் பிரான்ஸ் 26 அரசப் பொருள்களை பெனின் குடியரசுக்குத் திருப்பிக் கொடுத்தது. 1892இல் பிரெஞ்சுப் படை அபோமே அரண்மனையிலிருந்து எடுத்துப்போனவை அவை. அடுத்த ஆண்டு டிசம்பரில் ஜெர்மனி, பெனின் வெண்கலங்கள் எனப்படும் சிற்பங்களில் முதல் தொகுதியை நைஜீரியாவிடம் ஒப்படைத்தது. அவற்றை 1897இல் கொள்ளையடித்தது பிரிட்டிஷ் படை. (இந்த இரண்டு பெனின்களையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. முதலாவது ஒரு நாடு, பழைய தஹோமி. இரண்டாவது நைஜீரியாவின் எடோ மாநிலத்தில் இருக்கும் பழைய அரசின் தலைநகரம். விண்ணப்பக் கட்டுரையில் இது மாறிப்போனால், படிப்பவர் அங்கேயே நம்பிக்கை இழந்துவிடுவார்.)

பொருள்கள் திரும்பி வரும்போது பெட்டியைப் பிரிக்க, பதிவேட்டில் ஏற்ற, பூச்சியிலிருந்து காக்க, மக்களுக்குக் காட்டப் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும். ஆப்பிரிக்காவின் இளம் கலை, அருங்காட்சியகப் பணியாளர்களுக்கான ஃபெல்லோஷிப்புகள் (உதவித்தொகையோடு வேறோர் இடத்தில் தங்கிக் கற்கும் பயிற்சி வாய்ப்புகள்) முக்கியமாகிவிட்டதற்கு இது ஒரு பெரிய காரணம். ஆனால் நல்ல வாய்ப்புகள் பல வீணாகின்றன. பெரும்பாலும் ஒரே காரணம்தான்: ஃபெல்லோஷிப்பை ஆளுக்குக் கிடைக்கும் பரிசாகப் பார்க்கிறோம். அவர் திரும்பிப் போக வேண்டிய அருங்காட்சியகத்துக்கான முதலீடு அது என்பதை மறந்துவிடுகிறோம்.

எல்லாத் திட்டங்களும் ஒன்று என்று நினைப்பது

ஒரே கடிதத்தை நகலெடுத்து ஐந்து இடங்களுக்கு அனுப்புவது மிகப் பரவலான தவறு. திட்டங்கள் ஒன்றுக்கொன்று வெகுதூரம். பிரிட்டிஷ் மியூசியத்தின் பன்னாட்டுப் பயிற்சித் திட்டம் 2006இல் தொடங்கியது. ஏற்கெனவே அருங்காட்சியக வேலையில் இருப்பவர்கள் சில வாரங்கள் லண்டனிலும் பிரிட்டனின் பிற ஊர் அருங்காட்சியகங்களிலும் தங்கிக் கற்பார்கள். எகிப்து, சூடான், கானா, நைஜீரியா போன்ற நாடுகளிலிருந்து வருகிறவர்களோடு இந்தியர்களும் அதில் இருந்திருக்கிறார்கள். கேப் டவுனின் ஸைட்ஸ் மோக்கா அருங்காட்சியகமும் வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் ஃபெல்லோஷிப் வேறு மாதிரி: ஓராண்டு, பல்கலைக்கழகப் படிப்பும் அருங்காட்சியகத்துக்குள் வேலையும் கலந்தது. செனகல் தலைநகர் டக்காரில் ரா மெட்டீரியல் கம்பெனி என்ற கலை மையம் 2016இல் தொடங்கிய ரா அகாதெமியில் பட்டம் எதுவும் கிடையாது. கலையைப் பற்றிச் சேர்ந்து யோசிக்கவும் விவாதிக்கவும் சில வாரங்கள் கிடைக்கும், அவ்வளவுதான். அதுவே பெரிய விஷயம்.

பழைய துணிகளைப் பராமரிக்கக் கற்க விரும்பும் ஒருவர் ரா அகாதெமிக்கு எழுதினால் இரு தரப்புக்கும் நேர விரயம். கண்காட்சி வடிவமைக்க விரும்பும் இளம் கியூரேட்டர் (பொருள்களைத் தேர்ந்தெடுத்துக் கண்காட்சியை உருவாக்குபவர்) பொருள் பராமரிப்புப் பயிற்சிக்குப் போனாலும் அப்படித்தான். முன்பு அங்கே பயின்றவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று ஒரு மாலை உட்கார்ந்து தேடிப் பார்த்தாலே திட்டத்தின் இயல்பு புரிந்துவிடும்.

ஐரோப்பாவை மட்டுமே பார்ப்பது

லண்டன், பெர்லின், பாரிஸ் என்றே பலரும் யோசிக்கிறார்கள். ஆப்பிரிக்காவுக்குள் பயிற்சிக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1960களிலேயே யுனெஸ்கோ உதவியோடு நைஜீரியாவின் ஜோஸ் நகரில் அருங்காட்சியகத் தொழில்நுட்பப் பணியாளர்களுக்கான பயிற்சி மையம் இயங்கியது. அப்புறம் பண்பாட்டுப் பொருள்களைப் பாதுகாக்கும் பன்னாட்டு அமைப்பான இக்ரோம் 1990 முதல் 2000 வரை நடத்திய பிரேமா திட்டம். சஹாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளின் பணியாளர்களுக்குப் பொருள்கள் கெடுவதற்கு முன்பே காக்கும் முறைகளை பிரெஞ்சு, ஆங்கிலம் இரண்டிலும் கற்றுக்கொடுத்தது அது. அதில் எனக்குப் பிடித்த அம்சம், தானே தேவையற்றுப்போவதை இலக்காக வைத்திருந்தது. கற்க வந்தவர்கள் கற்பிப்பவர்களாக மாறினார்கள். அதன் தொடர்ச்சியாக 1998இல் பெனின் குடியரசின் போர்ட்டோ-நோவோவில் ஆப்பிரிக்க மரபுப் பள்ளியும், பின்னர் கென்யாவின் மொம்பாசாவில் ஆங்கிலம் பேசும் நாடுகளுக்கான மையமும் உருவாயின.

லாகோஸில் கியூரேட்டர் பிஸி சில்வா 2010இல் தொடங்கிய அஸிக்கோ பள்ளியும் இந்த வரிசையில் வைக்க வேண்டியதுதான். நைஜீரியக் கலைக் கல்லூரிகளில் ஓவியமும் சிற்பமும் சொல்லிக்கொடுத்தார்கள், ஆனால் விமர்சனமும் கியூரேட்டர் வேலையும் கற்க இடமில்லை என்ற குறையைப் போக்கவே அதைத் தொடங்கினார். பள்ளி ஒரே இடத்தில் நிற்காமல் அக்ரா, டக்கார், மபூட்டோ, அடிஸ் அபாபா என்று ஊர் ஊராகப் போனது. சில்வா 2019இல் மறைந்தார். ரா மெட்டீரியல் கம்பெனியை உருவாக்கிய கோயோ குவோ, வெனிஸ் பியன்னாலே என்ற பெரிய பன்னாட்டுக் கலைக் கண்காட்சியின் 2026 பதிப்புக்குக் கியூரேட்டராக நியமிக்கப்பட்ட பிறகு, 2025 மே மாதம் காலமானார். இருவருமே தங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்காக நிறுவனம் கட்டினார்கள். இந்தத் துறைக்கு வரும் இளைஞர்கள் இவர்கள் நடத்திய கண்காட்சிகளோடு, இவர்கள் கட்டியதைக் கட்டிய விதத்தையும் படிக்க வேண்டும்.

ஆப்பிரிக்காவுக்குள் போவதென்றால் வேறு சில கவனங்கள் தேவை. பல நாடுகள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கும். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அது செல்லும். கிளம்புவதற்கு முந்தின வாரம் போட்டுக்கொண்டால் விமான நிலையத்தில் சிக்கல் வரும். மொழியையும் பார்க்க வேண்டும். போர்ட்டோ-நோவோவில் பிரெஞ்சு இல்லாமல் சமாளிப்பது கடினம்.

பெரிய சொற்களால் நிரம்பிய திட்டக் குறிப்பு

விண்ணப்பங்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். "காலனியத்தின் தாக்கத்திலிருந்து அருங்காட்சியகத்தை விடுவிக்க விரும்புகிறேன்" என்று எழுதுகிறார்கள். நோக்கம் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் தேர்வுக் குழு அதே வாக்கியத்தை நூறு பேரிடம் படிக்கிறது. உங்கள் ஸ்டோரில் (காட்சிக்கு வைக்காத பொருள்களை வைக்கும் அறையில்) என்ன இருக்கிறது, அதற்கு என்ன ஆகிக்கொண்டிருக்கிறது, யார் அதைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதை உங்களைத் தவிர வேறு யாராலும் எழுத முடியாது. அதை எழுதுங்கள்.

இக்ரோமும் யுனெஸ்கோவும் 2011இல் நடத்திய கணக்கெடுப்பின்படி, உலகில் ஸ்டோர்களில் வைக்கப்பட்டிருக்கும் சேகரிப்புகளில் சுமார் 60 சதவீதம் ஆபத்தான நிலையில் இருந்தன. ஆகவே உங்கள் ஸ்டோர் குழப்பமாக இருப்பதை எழுதுவது வெட்கப்பட வேண்டிய விஷயமே இல்லை. ஸ்டோர்களை ஒழுங்குபடுத்த இக்ரோம் உருவாக்கிய ரீ-ஆர்க் முறையில் ஓர் எளிய அளவுகோல் உண்டு: எந்தப் பொருளைக் கேட்டாலும் 3 நிமிடத்துக்குள் அதன் இடத்தைக் கண்டுபிடிக்க முடிய வேண்டும். விண்ணப்பம் எழுதும் முன் இதைச் செய்து பாருங்கள். பதிவேட்டில் கண்ணை மூடிக்கொண்டு பத்து எண்களைத் தொட்டு, அந்தப் பொருள்களைத் தேடுங்கள். எத்தனை கிடைத்தன, எத்தனை கிடைக்கவில்லை, எவற்றின் எண் அழிந்துபோயிருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு பத்தி, தத்துவம் பேசும் இரண்டு பக்கத்தைவிட வலுவாக இருக்கும்.

அதன் பிறகு கேட்பதும் குறிப்பாகிவிடும். எடுத்துக்காட்டாக, மின்வெட்டு அதிகமுள்ள ஊரில் ஏசி அடிக்கடி நின்று நின்று ஓடினால் ஈரப்பதம் ஏறி இறங்கும். மரச் சிற்பமும் தந்தமும் வெடிக்க அந்த ஏற்ற இறக்கமே போதும். அப்படியானால் "ஏசி இல்லாமல் காற்றோட்டத்தையும் கட்டடத்தையும் வைத்து ஈரப்பதத்தை நிலையாக வைக்கக் கற்க வேண்டும்" என்று கேட்கலாம். திரும்பி வரும் பொருள்களோடு வேலை செய்ய விரும்புகிறவர் இன்னொன்றும் கேட்க வேண்டும். ஐரோப்பிய அருங்காட்சியகங்கள் பல காலம் பூச்சிகளைக் கொல்ல ஆர்செனிக், டிடிடி போன்ற நஞ்சுகளைப் பொருள்கள்மேல் பயன்படுத்தின. அந்த எச்சம் இன்னும் இருக்கலாம். சடங்குக்கு வேண்டிய முகமூடி ஊர் மக்கள் கைக்கு, ஏன் முகத்துக்கே போகப்போகிறது. அதில் நஞ்சு இருக்கிறதா என்று சோதிக்கத் தெரிந்தவர் அந்த நாட்டிலேயே இருக்க வேண்டும். இந்தத் தேவையை எழுதும் விண்ணப்பங்களைக் காண ஆசைப்படுகிறேன்.

கியூரேட்டர்களுக்குத்தான் இதெல்லாம் என்று நினைத்து ஒதுங்குவதும் தவறு. பதிவேட்டாளர், ஸ்டோர் பொறுப்பாளர், பள்ளி மாணவர்களுக்குச் சுற்றிக்காட்டுபவர், எல்லோருக்கும் இடமுள்ள திட்டங்கள் இருக்கின்றன. சிறிய அருங்காட்சியகங்களும் தயங்க வேண்டியதில்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 1860 ஹெரிடேஜ் சென்டர் இருக்கிறது. சென்னையிலிருந்து கிளம்பி 1860 நவம்பர் 16இல் அங்கே போய்ச் சேர்ந்த ட்ரூரோ கப்பலோடு தொடங்கும் ஒப்பந்தத் தொழிலாளர் வரலாற்றைப் பேணும் இடம். இந்த அளவிலான இடங்களுக்குத்தான் பயிற்சி பெற்ற ஒரே ஒருவர் வந்தாலும் பெரிய வித்தியாசம் தெரியும்.

காகிதம், பணம், விசா

பரிந்துரைக் கடிதத்தைப் பெயர் பெற்ற பேராசிரியரிடம் வாங்குவதைவிட, தினமும் வேலையைப் பார்க்கும் மேலதிகாரியிடம் வாங்குவது நல்லது. இவர் இல்லாத நாள்களில் வேலையை யார் பார்ப்பார், திரும்பியதும் என்ன பொறுப்பு என்று அந்தக் கடிதத்திலேயே இருந்தால் இன்னும் நல்லது. அரசு ஊழியராக இருந்தால் விடுப்பு ஆணைக்கு முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கடைசி வரம்பு பயணத்துக்கு 15 நாள் முன்பு. ஆனால் பல ஆப்பிரிக்க நகரங்களில் நேர்காணல் தேதி கிடைப்பதே பாடு. தேர்வுக் கடிதம் வந்த அன்றே தொடங்கிவிடுங்கள்.

அழைக்கிற நிறுவனங்களின் தவறுகள்

"முதலில் நீங்கள் செலவு செய்யுங்கள், ரசீதைக் காட்டினால் பிறகு தருகிறோம்" என்பது ஒரு கொடுமை. விமான டிக்கெட்டே பல மாதச் சம்பளமாக இருக்கும் ஒருவரிடம் இதைக் கேட்டால், வசதியான குடும்பத்திலிருந்து வருகிறவர் மட்டுமே வர முடியும். டிக்கெட்டும் முதல் மாத உதவித்தொகையும் கிளம்பும் முன்பே கைக்கு வர வேண்டும்.

அடுத்தது, வந்தவரை மொத்த ஆப்பிரிக்காவுக்கும் பிரதிநிதியாக்குவது. நைரோபியிலிருந்து வந்தவரிடம் காங்கோ சிற்பத்தை நீட்டி "இது என்ன?" என்று கேட்கிறார்கள். தங்கள் பட்டியலில் இருக்கும் ஓட்டைகளை ஃபெல்லோவின் இலவச உழைப்பால் அடைத்துக்கொள்கிறார்கள். அவர் கற்க வந்தவர். அவருக்குத் தெரிந்ததைச் சொன்னால் அதற்குப் பெயரும் ஊதியமும் போய்ச் சேர வேண்டும். அவருடைய நாட்டிலிருந்து போன பொருள்கள் தங்கள் ஸ்டோரில் இருந்தால், கேட்காமலே திறந்து காட்ட வேண்டும். கென்யாவின் பொருள்களைத் தேடிய பன்னாட்டுப் பட்டியல் திட்டம், 32 ஆயிரத்துக்கும் மேற்பட்டவை வெளிநாட்டு நிறுவனங்களில் இருப்பதைப் பதிவு செய்தது. அந்தப் பட்டியலே இல்லாமல் திருப்பிக் கேட்பது எப்படி?

ஊரில் கிடைக்காத விலையுயர்ந்த கருவியில் மட்டும் பழக்கிவிட்டு அனுப்புவதும் நடக்கிறது. ஈரப்பதமானி, அமிலமில்லாத காகிதம், பூச்சி பிடிக்கும் ஒட்டுப்பொறி, இவற்றோடு திரும்பிப்போகச் சிறு தொகை ஒதுக்கினால் பயிற்சி தொடரும்.

சொந்த நிறுவனத்துக்கும் இதில் பங்கு உண்டு. பயிற்சி முடித்து வந்தவரை வேறு பிரிவுக்கு மாற்றுவது, அல்லது அவர் கற்றதைப் பற்றி ஒருவரும் கேட்காமல் விடுவது. இதனால் மனம் வெறுத்து வேலையை விட்டுப்போனவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. திரும்பிய முதல் மாதத்திலேயே சக ஊழியர்களுக்கு இரண்டு நாள் வகுப்பு நடத்தச் சொல்லி, அதற்கு நேரமும் அறையும் ஒதுக்கலாம். இறுதி அறிக்கை பெரும்பாலும் பணம் கொடுத்தவருக்கு மட்டும் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ போகிறது. அதில் ஸ்டோருக்கு வேண்டிய பகுதியைச் சுவாஹிலியிலோ ஹவுசாவிலோ ஒரு பக்கமாக எழுதி, அங்கே வேலை செய்பவர்களிடம் கொடுத்துவிட வேண்டும். அலமாரியைத் திறக்கிறவர்கள் அவர்கள்தானே.