கட்டி தட்டாத ஹாட் சாக்லேட்

கோகோ பவுடரைக் கொதிக்கும் பாலில் நேராகக் கொட்டாதீர்கள். ஒரு கப்புக்கு இரண்டு டீஸ்பூன் கோகோ, இரண்டு டீஸ்பூன் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு மூன்றையும் ஈரமில்லாத பாத்திரத்தில் கலந்து, இரண்டு மூன்று டீஸ்பூன் வெந்நீர் விட்டுப் பளபளவென்று விழுதாகும்வரை குழையுங்கள். அப்புறம் சிறு தீயில் வைத்து, ஓரத்தில் குமிழி கிளம்பியதும் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறி, கொதி வந்தபின் இரண்டு நிமிடம் விட்டு இறக்குங்கள்.

சாதாரண கோகோ பவுடரில் 10 முதல் 12 சதவீதம் கொழுப்பு உண்டு. அதனால் அது லேசில் நனையாது. மொத்தப் பாலிலும் ஒரேயடியாகப் போட்டால் மேல்புறம் மட்டும் நனைந்து, உள்ளே காய்ந்த பொடியோடு உருண்டுவிடும். சர்க்கரை கோகோத் துகள்களைப் பிரித்து வைக்கிறது. கொதிக்கும்போது கோகோவில் இருக்கும் மாவுச்சத்தும் கெட்டிப்படுவதால் கிரீம், சோள மாவு எதுவும் வேண்டாம். உப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள், கசப்பை அடக்குவதே அதுதான்.

டின்னில் வரும் டிரிங்கிங் சாக்லேட்டுக்கு இது தேவையில்லை. அதில் சர்க்கரை ஏற்கெனவே கலந்திருக்கிறது, நேராகப் பாலில் போட்டாலே கரையும். சாக்லேட் பாரை உருக்கிச் செய்பவர்களும் இந்த முறையைத் தொடவே கூடாது. உருகிய சாக்லேட்டில் ஒன்றிரண்டு ஸ்பூன் தண்ணீர் பட்டால் இறுகித் திரிந்துபோகும். பாரைத் துருவி, சூடான பால் முழுவதிலும் போட்டுக் கரைப்பதே சரி.