‘பான்’ - ஒரு மூணெழுத்து வார்த்தையோட பூர்வீகத்தை நீங்களே தேடிப் பிடிக்கறது எப்படி

ஸ்பானிஷ்ல பான்னா ரொட்டி. போலிஷ்ல பான்னா ஐயா, மிஸ்டர். பழைய கிரேக்கத்துல பான்னா எல்லாம், முழுசும். இங்கிலீஷ்லயும் டச்சுலயும் அது அடுப்புல வைக்கற பாத்திரம் (இங்கிலீஷ்ல மட்டும் பேன்னு உச்சரிப்பு), பிரெஞ்சுல சுவரோட ஒரு பக்கம், இல்லேன்னா சட்டையோட தொங்கற கீழ்ப்பகுதி. கிரேக்கத்துக்கு சொந்த எழுத்து இருக்கு, மத்த எல்லாத்துலயும் அதே பி, ஏ, என். இதையெல்லாம் ஒரே இடத்துல வெச்சுப் பார்த்தா உடனே மனசு ஒரு கதை கட்ட ஆரம்பிச்சிடும்: ரொட்டி போடறவன்தான் எஜமான், ரொட்டி சுடறது பாத்திரத்துல, அப்போ எல்லாம் ஒரே வேர்தான்னு. அந்தக் கதையை நம்பறதுக்கு முன்னாடி என்னென்ன பார்க்கணும்னு இதே பான்-ஐ வெச்சே சொல்றேன், அப்புறம் வேற எந்த குட்டி வார்த்தைக்கும் இதே வழி சரியா வரும்.

முதல்ல ஒரு பேப்பர்லயோ ஃபைல்லயோ மொழி, அர்த்தம், அந்த மொழி எந்தக் குடும்பம், இது மூணையும் எழுதிக்கோங்க. ஸ்பானிஷும் பிரெஞ்சும் லத்தீன் வழி வந்தது, போலிஷும் செக்கும் ஸ்லாவிக், இங்கிலீஷும் டச்சும் ஜெர்மானிக், கிரேக்கம் தனிக் கிளை. எழுதும்போது எழுத்து மேல இருக்கற குறியை விட்டுடாதீங்க. செக்ல தனியா வந்தா பாஆன்னு நீட்டி, ஏ மேல ஒரு கோடு போட்டு எழுதுவாங்க, பேருக்கு முன்னாடி மிஸ்டர்ங்கற மாதிரி வந்தா கோடு இல்லாம குறிலா எழுதுவாங்க. விக்ஷனரிங்கற இலவச ஆன்லைன் அகராதில ஒரே ஸ்பெல்லிங் உள்ள எல்லா மொழி வார்த்தையும் ஒரே பக்கத்துல வரிசையா வரும், ஆனா கோடு போட்ட ஸ்பெல்லிங்குக்கு தனிப் பக்கம், அதனால ஒரு பக்கத்தை மட்டும் படிச்சிட்டு நிறுத்தினா பாதிதான் கிடைக்கும்.

அடுத்த வேலைதான் ரொம்ப முக்கியம், இதைத்தான் நிறைய பேர் செய்யறதே இல்ல. இன்னைக்கு இருக்கற உருவத்தை ஒண்ணோட ஒண்ணு ஒப்பிடாதீங்க. ஒவ்வொரு வார்த்தையையும் அதோட சொந்தக்கார மொழிகளோட சேர்த்து பின்னாடி கொண்டு போங்க. ஸ்பானிஷ் பான்-க்கு பக்கத்துல இத்தாலியன் பானே, போர்ச்சுகீஸ் பாவ்ங், கேட்டலான் பா எல்லாத்தையும் வெச்சா, எல்லாம் போய் சேர்ற இடம் லத்தீன் பானிஸ். கடைசி எழுத்து தேஞ்சு போனதாலதான் ஸ்பானிஷ்ல மூணெழுத்தா நிக்குது. பிரெஞ்சு பான் லத்தீன்தான், ஆனா அது பானிஸ் இல்ல, துணின்னு அர்த்தம் வர்ற பன்னுஸ். துணித்துண்டு, அப்புறம் எதோட துண்டும், அப்புறம் சுவரோட ஒரு துண்டு. இங்கிலீஷ்ல ஜன்னல் கண்ணாடிக்கு சொல்ற பேன், பேனல் எல்லாம் பிரெஞ்சு வழியா வந்த இதோட பிள்ளைங்கதான். போலிஷ், செக் பான்-க்கு பழைய செக்ல முன்னாடி ஒரு ‘ஹ’ ஒட்டிக்கிட்டு ஹ்பான்னு இருந்திருக்கு, அதுக்கும் முந்தின ஸ்லாவிக் உருவம் குபான் மாதிரி ஏதோ ஒண்ணுன்னு ஊகிக்கறாங்க. ஒரு வட்டாரத் தலைவனைக் குறிக்கற ஜுபான்ங்கற பழைய ஸ்லாவிக் வார்த்தையோட இதுக்கு உறவு உண்டுன்னு ஒரு கருத்து, அதுவும் எங்கிருந்து வந்ததுன்னு ஆராய்ச்சியாளர்கள் இன்னும் ஒத்துப்போகல.

பாருங்க, பின்னாடி போகப் போக வார்த்தைகள் ஒண்ணுசேரல, இன்னும் விலகித்தான் போகுது. பானிஸ், பன்னுஸ், ஹ்பான், இங்கிலீஷ் பக்கம் பழைய பன்னெ. ஒரே வேர்னா நேர்மாறா நடக்கணும், பழசுக்குப் போகப் போக நெருங்கி வரணும். குட்டி வார்த்தைகள்ல இந்த ஏமாற்றம் அதிகம் வர்றதுக்கு காரணமும் இதுதான், நீளமா இருந்த வார்த்தையெல்லாம் தேஞ்சு தேஞ்சு மூணு சத்தத்துக்கு வந்து நிக்கும்போது எங்கேயாவது ரெண்டு ஒண்ணா மோதத்தான் செய்யும். நம்ம எழுத்துலயே இருக்கு: கோபாலன்ல வர்ற பாலன் காக்கறவன், பாலகன்ல வர்ற பால குழந்தை, சமஸ்கிருதத்துல ரெண்டுக்கும் முதல் எழுத்தே வேற, தமிழ்ல ரெண்டுமே ‘ப’.

இனி ஒலி விதி. பேரைக் கேட்டு பயப்பட வேண்டாம், ஒரே ஒரு விதி தெரிஞ்சா போதும், பாதி வேலை முடியும். லத்தீன்ல, கிரேக்கத்துல ‘ப’ன்னு ஆரம்பிக்கற பழைய பூர்வீக வார்த்தைக்கு ஜெர்மானிக் மொழிகள்ல ‘ஃப’தான் வரும். லத்தீன் பாத்தெர் - இங்கிலீஷ் ஃபாதர். லத்தீன் பிஸ்கிஸ் - இங்கிலீஷ் ஃபிஷ். காலுக்கு லத்தீன் பெத் - இங்கிலீஷ் ஃபுட். இதுக்கு கிரிம் விதின்னு பேரு, 1822ல ஜெர்மன் மொழி ஆராய்ச்சியாளர் யாக்கோப் கிரிம் விளக்கி எழுதினது, அவருக்கு கொஞ்சம் முன்னாடியே டேனிஷ்காரர் ராஸ்முஸ் ராஸ்க் இதைக் கவனிச்சிருந்தார். இப்போ இதை பான் மேல போட்டுப் பாருங்க. இங்கிலீஷ் பேன் ‘ப’ல ஆரம்பிக்குது, அப்போ அது லத்தீன் ‘ப’ வார்த்தையோட கூடப்பிறந்ததா இருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு, ஒண்ணு கடன் வாங்கினது, இல்ல வேற வழி. ஜெர்மன்ல அது ப்ஃபான்னெ. மிளகு ஜெர்மன்ல ப்ஃபெஃபர், பவுண்டு ப்ஃபுண்ட், இந்த ரெண்டுமே ரோமானியர்கள்கிட்ட இருந்து ரொம்ப முன்னாடி வாங்கின வார்த்தைகள், அப்புறமா ஜெர்மன்ல முதல் ‘ப’ எல்லாம் ‘ப்ஃப’ ஆச்சு. பான் அதே வரிசையில வர்றதால, தட்டையான பாத்திரத்துக்கு லத்தீன்ல சொன்ன பதினாதான் மூலம்னு பலர் சொல்றாங்க, சந்தேகப்படறவங்களும் இருக்காங்க. எதுவா இருந்தாலும் ரொட்டி பானிஸ்க்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.

அப்போ பானிஸோட நிஜமான இங்கிலீஷ் சொந்தம் யாரு? விதிப்படி ‘ஃப’ல தேடணும். கிடைக்கறது ஃபூட், ஃபீட், ஃபாடர் - சாப்பாடு, ஊட்டறது, தீவனம். பானிஸ், மேய்ப்பன்னு அர்த்தம் வர்ற பாஸ்டர், இதெல்லாம் ஊட்டி வளர்க்கறது, காக்கறதுங்கற ஒரே பழைய வேர்ல இருந்துன்னுதான் பெரும்பாலானவங்க கருத்து, கோபாலனோட பால-வும் அதே வேர்தான். துணி பன்னுஸ்க்கு சொந்தம் ஜெர்மன் ஃபானெ, கொடி. முதல்ல இதைப் பார்த்தப்போ எனக்கு அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு, ஏன்னா பார்க்க ஒரே மாதிரி இருந்த அஞ்சும் வேற வேற ஆளுங்க, கொஞ்சம்கூட முகஜாடை இல்லாத ஃபூட்டும் பானிஸும் ஒரு வீட்டுப் பிள்ளைங்க.

ரொட்டி-எஜமான் கதைக்கு வர்றேன், ஏன்னா அது ரொம்ப அழகான கதை, அதனாலயே ஆபத்து. இங்கிலீஷ்ல அந்தக் கதை உண்மையாவே நடந்திருக்கு! லார்ட்ங்கற வார்த்தை பழைய இங்கிலீஷ்ல ஹ்லாஃப்வெயர்ட், ஹ்லாஃப்னா ரொட்டி (இன்னைக்கு லோஃப்), வெயர்ட்னா காவல், அதாவது ரொட்டிக் காவலன். லேடியோட முதல் பாதியும் அதே ரொட்டிதான், மாவு பிசையறவள்னு அர்த்தம் சொல்றாங்க. கம்பெனி, கம்பேனியன் ரெண்டும் லத்தீன் ‘சேர்ந்து’ பிளஸ் ‘ரொட்டி’, ரொட்டியைப் பகிர்ந்துக்கறவங்க. இவ்ளோ இருக்கும்போது போலிஷ் பான் மட்டும் ஏன் அப்படி இருக்கக்கூடாதுன்னு தோணும். லார்டுக்கு ஒவ்வொரு படியும் பழைய ஏட்டுல எழுதி இருக்கு, போலிஷ் பான்-க்கு அப்படி ஒரு படிகூட இல்ல, பழைய உருவத்துல முன்னாடி நிக்கற அந்த ‘ஹ’வும் லத்தீன் ரொட்டியோட ஒட்டவே ஒட்டாது. அர்த்தம் பொருந்துதுங்கறது ஒரு க்ளூ, அவ்ளோதான், சாட்சி கிடையாது.

பழங்கால ஆளுங்க சொன்ன விளக்கம்னாலும் அப்படியே எடுத்துக்காதீங்க. ஆட்டுக்கால் கொண்ட கிரேக்க மேய்ச்சல் தெய்வம் பான்-க்கு ஏன் அந்தப் பேருன்னா, குழந்தையா இருந்தப்போ தேவர்கள் ‘எல்லாரையும்’ மகிழ்விச்சானாம், அதனாலன்னு ஹோமர் பேர்ல வழங்கற பழைய துதிப்பாட்டுல வருது. இது பின்னாடி கட்டின விளக்கம்னுதான் இன்னைக்கு நினைக்கறாங்க, மேய்க்கறது காக்கறதுங்கற அந்தப் பழைய வேரோட சேர்க்கறது கொஞ்சம் நம்பும்படியா இருக்கு. அப்படின்னா இந்த தெய்வமும் ஸ்பானிஷ் ரொட்டியும் தூரத்து சொந்தமா இருக்கலாம், ஆனா இதை உறுதின்னு எழுதி வெக்காதீங்க. பேனிக் இந்த தெய்வத்தோட பேர்ல இருந்து வந்தது, பேண்டமிக் ‘எல்லாம்’ பான்-ல இருந்து வந்தது, ஒரே ஆரம்பம்னு ரெண்டையும் ஒரே கட்டத்துல போட்டுடாதீங்க.

இதுக்கு நேர் எதிரான கேஸும் இருக்கு, அதையும் தெரிஞ்சுக்கிட்டாதான் அர்த்தம் வேற அதனால வேர் வேறன்னு அவசரப்பட மாட்டீங்க. கிஃப்ட். இங்கிலீஷ்ல பரிசு, ஜெர்மன்ல விஷம், ஸ்வீடிஷ், டேனிஷ், நார்வேஜியன் மூணுலயும் விஷம்ங்கறதோட கல்யாணம் ஆனவர்னும் அர்த்தம். இவ்ளோ தூரம் விலகினாலும் எல்லாமே கொடுத்தல்ங்கற ஒரே ஜெர்மானிக் வார்த்தைதான். பெண்ணைக் கொடுக்கறதுல இருந்து கல்யாணம். ஜெர்மன்ல மிட்கிஃப்ட்னா இன்னைக்கும் வரதட்சணை, பழைய அர்த்தம் அங்க மட்டும் ஒளிஞ்சிருக்கு. விஷம் எப்படி வந்துச்சுன்னா, கிரேக்கத்துல கொடுக்கறதுக்கு டோசிஸ், அதையே வைத்தியத்துல கொடுக்கற மருந்தளவுக்கும் சொன்னாங்க (நம்ம டோஸ் இதுதான்), அதைப் பார்த்து ஜெர்மன்லயும் கிஃப்ட்னு சொல்ல, கொடுத்த மருந்து நாளடைவுல கொடுத்த விஷமா மட்டும் சுருங்கிடுச்சு. இங்கே மாற்றத்தோட ஒவ்வொரு படிக்கும் ஆதாரம் நிக்குது, பான்-ல அது இல்ல, ரெண்டு கேஸுக்கும் உள்ள வித்தியாசமே இதுதான்.

எங்க தேடறதுன்னா, ஆரம்பத்துக்கு விக்ஷனரி போதும், ஆனா நட்சத்திரக்குறி போட்ட உருவம் எங்கேயும் எழுதிக் கிடைச்சது இல்ல, ஆராய்ச்சியாளர்கள் கட்டியெழுப்பினதுன்னு ஞாபகம் வெச்சுக்கோங்க. கடன் வாங்கினதுக்கும் பரம்பரையா வந்ததுக்கும் அதுல தனித்தனி வார்த்தை போட்டிருப்பாங்க, அதைக் கவனிச்சுப் படிங்க. அப்புறம் அந்தந்த மொழியோட சொந்த அகராதியில சரிபாருங்க: ஜெர்மனுக்கு டிடபிள்யூடிஎஸ், பிரெஞ்சுக்கு டிஎல்எஃப்ஐ, ஸ்பானிஷுக்கு ராயல் அகாடமியோட அகராதி, மூணும் ஆன்லைன்ல இலவசம். இங்கிலீஷுக்கு ஆக்ஸ்ஃபோர்ட் பெரிய அகராதி, பெரும்பகுதிக்கு சந்தா கட்டணும், லைப்ரரி கார்டு இருந்தா சில இடத்துல அது வழியாவே திறக்கும். ரெண்டு அகராதி முரண்பட்டா ரெண்டையும் எழுதிக்கோங்க, உங்களுக்குப் பிடிச்சதை மட்டும் எடுத்து வெச்சுக்காதீங்க.

பழகறதுக்கு மோஸ்ட் எடுத்துக்கோங்க, எம், ஓ, எஸ், டி. இங்கிலீஷ்ல அதிகபட்சம், ஜெர்மன்ல பிழிஞ்ச பழச்சாறு, போலிஷ், செக், ரஷ்யன் எல்லாத்துலயும் பாலம். ஜெர்மன் அர்த்தத்துக்கு லத்தீன்ல முஸ்தும்னு தேடிப் பாருங்க. இங்கிலீஷுக்கு ஜெர்மன்லயே இருக்கற மைஸ்ட்-ஐப் பக்கத்துல வைங்க. ஸ்லாவிக் பக்கம் ஊர்ப் பேர்கள் உதவும், செக் நாட்டுல மோஸ்ட்னே ஒரு நகரம் இருக்கு, ஜெர்மன்காரங்க அதை ப்ரூக்ஸ்னு சொல்வாங்க, ஜெர்மன்ல பாலத்துக்கு ப்ரூக்கெ, அதையும் குறிச்சுக்கோங்க.