சூஷி சாப்பிடப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

காரைக்குடிப் பக்கத்தில் பல வீடுகளில் பிள்ளைகள் சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருக்கிறார்கள். பார்க்கப் போனால் ஒரு நாள் ஜப்பான் கடைக்குக் கூட்டிப் போவதும் இப்போது வழக்கமாகிவிட்டது. அங்கே பெரியவர்கள் எதைத் தொடுவது, எதை விடுவது என்று தெரியாமல் வெறும் சோற்றை மட்டும் கொறித்துவிட்டுப் பசியோடு திரும்புவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன், அது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது, அதனால்தான் எழுதுகிறேன்.

சூஷி என்றாலே பச்சை மீன் என்று நினைப்பதுதான் முதல் தவறு. சூஷிக்கு அடிப்படை சோறு. குட்டையான, ஒட்டும் அரிசியை வேகவைத்து வினிகர், சர்க்கரை, உப்பு கலந்த சோறு. மீனை மட்டும் நறுக்கி வைத்தால் அதற்குப் பெயர் சஷிமி. வேகவைத்த இறால், வாட்டிய விலாங்கு, முட்டை, வெள்ளரிக்காய் எல்லாம் வைத்தும் சூஷி உண்டு, பச்சை மீன் வேண்டாம் என்பவர்கள் அதிலேயே வயிறு நிறையச் சாப்பிடலாம்.

சோற்றின் மேல் மீன் துண்டை வைத்துத் தருவதை நிகிரி என்பார்கள். அந்தச் சொல்லுக்கே கையால் பிடித்தது என்றுதான் பொருள், நாம் பிடி கொழுக்கட்டை என்று சொல்வோமே, அது மாதிரி. சின்ன வயதில் ஆச்சி ஒரு சட்டியில் சோற்றைப் பிசைந்து, சுற்றி உட்கார்ந்த பிள்ளைகள் கையில் உருட்டி உருட்டி வைப்பார்கள் இல்லையா? உப்பு, குழம்பு எல்லாம் அவர்களே பார்த்துப் போட்டிருப்பார்கள். நாம் வாங்கியதும் வாயில் போட்டுக்கொள்வோம், அவ்வளவுதான். நிகிரியும் அப்படித்தான். சமைப்பவர் மீனுக்கும் சோற்றுக்கும் நடுவில் பெரும்பாலும் வசாபியை, அதாவது மூக்கில் ஏறும் காரமுள்ள பச்சை விழுதை, தடவியே தருகிறார். இதைப் புரிந்துகொண்டால் பாதித் தவறுகள் தானாகவே போய்விடும்.

வசாபியை சோயா சாஸில் கரைத்து ஒரு குழம்பாக்கி அதில் சோற்றை ஊற வைப்பதைத்தான் நம் ஆட்கள் அதிகம் செய்கிறார்கள். குழம்பு ஊற்றிச் சாப்பிட்ட பழக்கம், என்ன செய்வது என்று விட்டுவிடத் தோன்றும். ஆனால் சோறு சாஸை உறிஞ்சினால் கட்டு விட்டு உதிர்ந்துவிடும், வாயில் உப்பு மட்டும்தான் நிற்கும். மீன் பக்கத்தை லேசாகத் தொட்டுக்கொள்ளுங்கள், போதும். கையால் எடுத்துச் சாப்பிடலாம், அதில் தவறே இல்லை, ஜப்பானியர்களும் சாப்பிடுகிறார்கள். ஒரே வாயாகப் போட்டுக்கொள்ளுங்கள். பாதி கடித்துவிட்டு மீதியைத் தட்டில் வைத்தால் அது நிற்காது. அந்தச் சோறு கிட்டத்தட்ட உடம்புச் சூட்டில் இருக்கும்போது சாப்பிட வேண்டியது, அதனால் நான்கு கோணத்தில் படம் எடுத்துக்கொண்டு அதை ஆற விடாதீர்கள்.

தட்டு ஓரத்தில் வைக்கும் ஊறிய இஞ்சி நம் ஊறுகாய் மாதிரி சேர்த்துச் சாப்பிடுவதற்கு இல்லை. ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் நடுவில் நாக்கைச் சுத்தம் செய்ய. உறைப்பே இல்லையே என்று பையிலிருந்து பொடியை எடுப்பதும் வேண்டாம். வெள்ளை மீனில் தொடங்கி, கொழுப்பு நிறைந்த சூரை, விலாங்கு என்று போனால் ருசி ஒவ்வொன்றாகத் தெரியும்.

சாப்பிடத் தரும் குச்சியைச் சோற்றில் நட்டு வைக்காதீர்கள். இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் அங்கே அப்படி நடுவார்கள். ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவைக் கொடுப்பதும் கூடாது. தகனத்துக்குப் பிறகு குடும்பத்தினர் எலும்பைப் பொறுக்கி அப்படித்தான் கைமாற்றுகிறார்கள். கல்யாணப் பந்தியில் ஒருவர் இலையை வெளிப்பக்கமாக மடித்தால் நமக்கு மனம் எப்படிச் சுருக்கென்று இருக்கும், அதேதான்.

சைவக்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கந்த சஷ்டி விரதத்தில் இருந்த எங்கள் உறவுக்கார அம்மா ஒருவர் வெள்ளரிக்காய் வைத்துச் சுருட்டிய சூஷியும், புளிக்கவைத்த சோயா விழுதைக் கரைத்த மிசோ சூப்பும் மட்டும் வாங்கி, நிம்மதியாகச் சாப்பிட்டு முடித்தார். அந்த சூப்பின் அடிநீருக்கு தாஷி என்று பெயர். வழக்கமாக அதில் கத்சுவோபுஷி போடுவார்கள், அதாவது சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, கட்டை போலக் காயவைத்து சீவியது. நம் மாசிக் கருவாட்டுக்கு உறவு என்றே சொல்லலாம். வீட்டுக்கு வந்த பிறகு விஷயம் தெரிந்து அவர் இரவு முழுக்கத் தூங்கவில்லை. முட்டைச் சூஷியிலும், இனாரி என்று பொரித்த டோஃபு (சோயா பனீர்) பைக்குள் சோறு வைத்துத் தருவதிலும் இதே தாஷி பெரும்பாலும் இருக்கும். அதனால் "இதில் மீன் இருக்கிறதா" என்று கேட்டால் மட்டும் போதாது, "தாஷி இருக்கிறதா" என்று பேரைச் சொல்லிக் கேளுங்கள்.

ஓடும் பட்டையில் சூஷித் தட்டு சுற்றி வரும் கடைகள் 1958ல் ஒசாகாவில் தொடங்கியவை. அங்கே பெரும்பாலும் தட்டின் நிறத்தைப் பொறுத்து விலை. எடுத்த தட்டைத் திரும்பப் பட்டையில் வைக்கக்கூடாது. மேசையில் ஒரு குழாய் இருந்தால் தயவுசெய்து அதில் கை கழுவப் போகாதீர்கள், அதில் வருவது தேநீருக்கான கொதிநீர். பக்கத்து டப்பாவில் இருக்கும் பச்சைப் பொடி தேயிலை, வசாபி இல்லை.

ஒமகாசே என்றால் "உங்களிடமே விட்டுவிடுகிறேன்" என்று பொருள், என்ன தருவது என்பதைச் சமைப்பவரே முடிவு செய்வார். அந்த மாதிரிக் கடைகளில் இருக்கைகள் மிகக் குறைவு, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பரிமாறுவார்கள். தாமதமாகப் போவது, சாப்பிடாத பொருளை உட்கார்ந்த பிறகு சொல்வது இரண்டும் பெரிய தவறு, முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். ஜவ்வாது, அத்தர், சென்ட் எதுவும் அன்றைக்கு வேண்டாம், மீனின் மெல்லிய வாசனை பக்கத்து இருக்கைக்காரருக்கும் தெரியாமல் போகும். சிங்கப்பூர் கடை என்றால் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கிறதா பாருங்கள். சேவைக் கட்டணமும் வரியும் சேர்ந்து 100 வெள்ளி என்பது கிட்டத்தட்ட 120 வெள்ளி ஆகிவிடும். ஜப்பானிலேயே சாப்பிட்டால் டிப்ஸ் வைக்க வேண்டியதில்லை.

அப்புறம், ஊருக்குத் திரும்பி வந்து தொண்டியில் காலையில் இறங்கிய மீன்தானே என்று வீட்டிலேயே பச்சையாக நறுக்கிப் பார்க்காதீர்கள். புதிய மீன் என்பதாலேயே அதில் புழு இல்லை என்று ஆகிவிடாது. பச்சையாகப் பரிமாறும் மீனுக்கு அமெரிக்க உணவுத் துறை சொல்லும் கணக்கு, மைனஸ் 20 டிகிரி செல்சியஸிலோ அதற்குக் கீழோ 7 நாள் உறைய வைக்க வேண்டும் என்பது. நம் வீட்டு ஃப்ரீசரை நம்பி அதைச் செய்ய முடியாது. கர்ப்பிணிகள் கடையிலும் பச்சை மீனைத் தொட வேண்டாம், வெந்த இறால் சூஷியே போதும். தொண்டி மீனைக் குழம்பு வைத்துவிடுங்கள்.